அடுத்த வீட்டில் வைத்த பை

பொன்னுலிங்கத்தின் பை அவர் இல்லாமலேயே பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி, ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், அடுத்த வீட்டுக்கு இட்லி மாவு வாங்கப் போனவர்கள் வழியாகத் தெருவுக்குத் தெரிந்தது. போனவர்கள் எல்லோரும் கையில் மாவுப் பாத்திரத்தோடும் முகத்தில் வியர்வையோடும் திரும்பினார்கள்; கோவில்பட்டி வெயிலில் வந்து காய்ந்து உப்பாகப் படிகிற வியர்வை அல்ல அது, மழைக்கு முன்னால் அடர்ந்த காட்டுக்குள் நின்றால் வருமே, துடைக்கத் துடைக்க ஊறுகிற வியர்வை. "என்னக்கா, வீட்டுக்குள்ள இப்பிடிப் புழுங்குது?" என்று கேட்டவர்களிடம் மாவு அரைக்கிற சொர்ணக்கிளி கிரைண்டரை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அண்ணாச்சி பை அந்த ஊருக்குப் போயிருச்சுல்ல. அங்க இப்பிடித்தான் இருக்குமாம்."

கேட்டவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, மாவு ஏன் இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் பொங்கியிருக்கிறது என்பதற்கும் அதுதான் காரணமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பொன்னுலிங்கம் வேலை பார்த்த காலம் முழுக்க பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். மதுரைக்கும் நெல்லைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற பஸ்களின் நேரத்தைக் குறித்து, விசில் ஊதி, கையை வீசி அனுப்பிவிட்டு, புழுதி அடங்கும் வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் போன அதிகபட்சத் தூரம் திருச்செந்தூர். காசிக்குத் திட்டம் போட்டிருந்தார், காஷ்மீருக்குப் போட்டிருந்தார், அந்தமானுக்குக்கூடப் போட்டிருந்தார். ஒவ்வொன்றும் கிளம்புகிற வாரத்தில் ஒரு காரணத்தால் நின்றுபோனது, காரணம் ஒவ்வொரு முறையும் நியாயமானதாகவே இருந்தது. "இவுக மனசுக்குள்ள ஓட்டுன பஸ்ஸுக்கெல்லாம் டீசல் ஊத்தியிருந்தா கவர்மெண்டு என்னைக்கோ திவாலாயிருக்கும்" என்பாள் அவர் மனைவி செண்பகவல்லி.

ஓய்வு பெற்றபின் கரிசல் காட்டில் பங்காக வந்த நிலத்தை விற்றுவிட்டு அவர் பிரேசிலைத் தேர்ந்தெடுத்தார். ஏன் பிரேசில் என்று டீக்கடை தர்மர் கேட்டபோது, பெரிய நாடு, பார்க்க நிறைய இருக்கிறது என்று சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் சின்ன நாடாக இருந்தால் திட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிற எண்ணம் அந்தப் பதிலுக்கு அடியில் கிடந்ததை அவர் தர்மரிடமும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. காட்டு நடுவிலிருக்கிற மனாவுஸில் தொடங்கி, அங்கிருந்து படகில் அமேசான் வழியாக பெலெம், பிறகு கடற்கரை மணல்மேடுகள், சால்வடோர் நகரம், அதன்பின் தென்மேற்கே பந்தனால் என்கிற சதுப்பு நிலம் என்று வாரக்கணக்கில் நீளுகிற வழியை ஒரு பெரிய தாளில் எழுதினார். பந்தனாலுக்கும் திரும்பி வருகிற விமானத்துக்கும் நடுவில் மட்டும் கொஞ்ச நாட்களை வெறுமையாக விட்டிருந்தார். விசாவை இரண்டு பேருக்கும் வாங்கினார், டிக்கெட்டும் இரண்டு பேருக்கும். செண்பகவல்லி விமானத்தில் ஏற மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்; இருந்தாலும் போவதற்கு மட்டுமல்ல, போகாமலிருப்பதற்கும்கூட இரண்டு பேருக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்வது அவர் வழக்கம்.

விமானம் ஆடி மாதத்தில். ஆடியில் எப்படிக் கிளம்புவது என்று அவர் இழுக்கத் தொடங்கியதும், அந்த இழுப்பைக் காசியிலிருந்து அந்தமான் வரை பார்த்திருந்த செண்பகவல்லி, "ஆனியிலேயே பரஸ்தானம் வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டாள். கிளம்புகிற நாள் நல்ல நாளாக அமையாவிட்டால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவருடைய துண்டு ஒன்றையோ ஒரு பிடி அரிசியையோ முடிந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகு காலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும், திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

பொன்னுலிங்கம் செய்த தப்பு, துண்டோடு நிறுத்தாததுதான். எந்த வேலையையும் பாதியாகச் செய்யத் தெரியாதவர், எந்த வேலையையும் முடித்தவரும் இல்லை. அவர் பயணப் பையையே கட்டினார்: சட்டைகள், புதுச் செருப்பு, பிரஷர் மாத்திரை, ஸ்வெட்டர், வரைபடம், வழி எழுதிய தாள், எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடி, சுப ஓரையில் தூக்கிக்கொண்டு போய், சொர்ணக்கிளி வீட்டு முன்னறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் அவருடையது என்று கிளம்ப மீதி இருந்தது அவர் மட்டும்தான். பையோ, வைத்துக்கொள்ள வேண்டிய அத்தனையும் வைத்துக்கொண்டு, நல்ல நேரமும் பார்த்தாயிற்று, இனி எதற்குக் காத்திருப்பது என்று கிளம்பிவிட்டது.

பார்வைக்குப் பை முக்காலியை விட்டு அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே அதே தெரு, அதே அடிபம்பு, அதே வெயில். வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் பை போயிருக்கிற ஊர். அந்த ஊரின் காற்று, வாசம், சத்தம், கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர். நேரத்தை மட்டும் பை கொண்டுவரவில்லை, கடிகாரம் கோவில்பட்டி நேரத்திலேயே ஓடியது. இதை முதலில் கவனித்தவர் பொன்னுலிங்கம்தான்.

மனாவுஸ் நாட்களில் சொர்ணக்கிளியின் தரையில் இரண்டு நிறத் தண்ணீர் விரல்கடை ஆழத்துக்கு ஓடியது. ஒன்று டிக்காஷன் போலக் கறுப்பு, மற்றது பால் அதிகம் விட்ட டீ போலக் கலங்கல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, கலக்காமலேயே, பின்கதவருகே காணாமல் போயின. "ஒரே வீட்டுல இருந்துகிட்டுப் பேசிக்கிடாத அண்ணந்தம்பி மாதிரி" என்றார் தர்மர். பிறகு பை படகில் ஏறியதும் வீடு லேசாக ஆடத் தொடங்கியது, மாவு வாங்க வந்தவர்களுக்குக் கண் சொருகியது. அந்த ஊர்ப் படகில் எல்லோரும் தூளி கட்டித்தான் படுப்பார்கள் என்று பொன்னுலிங்கம் சொன்னதைக் கேட்டு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்த பெண்கள் விட்டத்தில் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காலை மடக்கி அதற்குள் படுத்து, சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டுமுன் எழுந்து சமைக்கப் போனார்கள்.

பெலெமில் தினமும் மத்தியானம் மழை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசை போட்டு வைத்திருந்த தெரு, அந்த வரிசையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சொர்ணக்கிளியின் முன்னறையில் வைத்தது. அரிசி அந்தத் தண்ணீரில் ஊறியதில் இட்லி பஞ்சாக வந்தது. கவுன்சிலர் ஒருமுறை வந்து, கூரையைப் பார்த்து, மழையைப் பார்த்து, இதற்கு எந்த இலாகா பொறுப்பு என்று தெரியாமல் ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனார். அழுவதற்கென்றே ஒருத்தி வந்தாள்; மழைச் சத்தத்தில் உட்கார்ந்து அழுதால் யாருக்கும் கேட்காது, வீட்டுக்குப் போனபின் முகமும் மழையில் நனைந்ததுபோலவே இருக்கும். மணல்மேடுகளை எட்டியபோது கதவிடுக்கு வழியாக வெள்ளை மணல் தெருவுக்கு வழிந்தது. கொத்தனார் ஒருவர் அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கட்டடத்துக்கு ஆகாது, ரொம்ப நைசு" என்று கையைத் தட்டிக்கொண்டு போனார். சால்வடோரில் மணியோசையும், சிவந்த எண்ணெயில் பயறு வடை பொரிகிற வாசமும் வந்தன. வாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொர்ணக்கிளி தட்டைப்பயறில் ஒரு வடை போட்டாள், அது அரைமணி நேரத்தில் விற்றுப் போனது.

தினமும் காலையில் தர்மர் டீ ஆற்றிக்கொண்டே தெருவுக்கு எதிர்ப்புறமிருந்து கேட்பார்: "சொர்ணம், இன்னைக்கு எந்த ஊரு?" அவளும் வாசல் தெளித்துக்கொண்டே ஊர்ப்பெயரைச் சொல்வாள். சாத்தூருக்கு வடக்கே போயிராத அவள் வாயில் அந்தப் பெயர்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் போல வந்தன.

இத்தனைக்கும் நடுவில் பொன்னுலிங்கம் முக்காலிக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாள் பைக்குள் இருந்தாலும் வழி அவருக்கு மனப்பாடம். படகு இப்போது எந்தத் திருப்பத்தில் இருக்கும், நாளைக்கு எங்கே இறங்கும் என்று வந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள், "அண்ணாச்சி போட்ட பிளான் தப்புமா?" என்றார்கள். அவருடைய விமானத்தின் நாள் வந்தபோது, மதுரை டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டார். இங்கே எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது போய் நடுவில் நுழைவானேன் என்று தோன்றியது. சொல்லப்போனால் அவ்வளவு சந்தோஷமாக அவர் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம்தான் அவரைக் குடைந்தது. பை போகிறது, நான் நேரம் சொல்கிறேன். இதைத்தானே பஸ் ஸ்டாண்டிலும் செய்தேன்? எனக்குப் பிடித்தது போவதா, போவதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? உட்கார்ந்திருப்பதுதான் என்றால் அதில் என்ன குற்றம்? குற்றம் இல்லை என்றால் ஏன் அது உறுத்துகிறது?

சால்வடோரின் கடைசி நாளில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பையைத் திறந்தார். புதுச் செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, அவர் நடந்தால் எப்படித் தேயுமோ அந்தப் பக்கமாகவே. சட்டைக் காலர்களில் அவர் கழுத்து அளவுக்கு வியர்வைக் கோடு. மாத்திரை அட்டையில் நாள் தவறாமல் மாத்திரை குறைந்திருந்தது. ஸ்வெட்டர் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. பிறர் வீட்டுப் படுக்கையறையைத் தெரியாமல் திறந்துவிட்டவர்போல ஜிப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் செண்பகவல்லி அந்தப் பையைப் பற்றி வாய் திறந்தாள். இத்தனை நாளும் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மாவைக்கூட வாசலில் நின்றே வாங்கினாள். "நான் போகாத ஊரு, நான் எதுக்கு எட்டிப் பாக்கணும்?" என்பது அவள் கட்சி.

"ஏங்க, அந்தப் பை பிளான் முழுக்க முடிச்சிட்டு வந்து நின்னுச்சுன்னா உங்களுக்கு அப்புறம் பயணம் கிடையாது, தெரியும்ல? ஒரு பயணத்துக்கு ஒரு தடவைதான் கிளம்ப முடியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தேதியை மாத்துனீக?"

"இன்னொரு தடவை மாத்தலாம்னு சொல்லியிருக்கான்."

"ரோஷத்துக்குக்கூட ஒரு கோபம் வருதா பாரேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பை பந்தனாலுக்குப் போனது. சொர்ணக்கிளியின் கிரைண்டர்மேல் பெரிய கால் பறவைகளின் நிழல் விழுந்தது, அலுமினியப் பாத்திரங்களில் மாடுகளின் கழுத்துமணி அதிர்ந்தது. பிறகு ஒரு காலை, தர்மர் வழக்கம்போல "இன்னைக்கு எந்த ஊரு?" என்று கேட்டதற்குச் சொர்ணக்கிளி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊரும் இல்லண்ணே" என்றாள்.

தாளில் பொன்னுலிங்கம் வெறுமையாக விட்ட நாட்களுக்குப் பை வந்துவிட்டது. வீட்டுக்குள் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஊதுபத்தி எரிந்தது, வாசம் வரவில்லை. எல்லாவற்றையும்விட, மாவு பொங்கவில்லை. இரவு அரைத்து வைத்த மாவு காலையிலும் அரைத்த நிமிஷத்தில் இருந்ததுபோலவே இருந்தது. புளிக்கவும் இல்லை, கெடவும் இல்லை. மறுநாளும் அப்படியே. அதை வாங்கிப்போய் இட்லி ஊற்றியவர்கள் கல்லைப்போல வந்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள், அதன்பின் கடையில் பாக்கெட் மாவு வாங்கினார்கள். மாவுதான் சொர்ணக்கிளிக்குச் சோறு. பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொங்கவைக்கப் பார்த்தாள். அவள் வீட்டில் அரைத்த மாவு அவள் வீட்டு நிலைமையைத் தன்னோடேயே கொண்டுபோனது.

"ஏதாவது ஒரு ஊரை எழுதிருங்க அண்ணாச்சி" என்றது தெரு. அவர் தாளை எடுத்து ரியோ என்று எழுதி உள்ளே வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அருவி இருக்கிற எல்லையோர ஊரை எழுதினார். ஆகவில்லை. தர்மர் யோசனைப்படி, கோவில்பட்டி என்றுகூட எழுதிப் பார்த்தார்கள். பை அசையவில்லை. யாரும் விரும்பாத ஊருக்கு அது போவதாக இல்லை. பையைத் தூக்கி வெளியே வைத்துவிடலாமே என்று ஒருவர் சொல்ல, பரஸ்தானப் பையைப் பயணம் போகாமல் எடுப்பதா என்று எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் சொர்ணக்கிளி பொன்னுலிங்கத்தின் எதிரில் வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. "அண்ணே, ஊரெல்லாம் எனக்குக் காட்டிட்டீக. நான் கும்பிடுதேன். ஆனா எனக்கு மாவு பொங்கணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் செண்பகவல்லி முதன்முதலாக அந்த வாசற்படியைத் தாண்டினாள். கவிழ்த்துப் போட்ட ஒரு டின்மேல் உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த நாளை மட்டும் ஏன் எழுதாம விட்டீக?"

"அது உனக்கு."

"எனக்கா? நாந்தான் வரலைன்னு சொன்னேனே."

"சொன்ன. இருந்தாலும் விட்டு வச்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். எந்த ஊரு வேணும்னு. எனக்கு அடுப்படிதான் தெரியும்னுட்ட. ரசம் வச்சிட்டிருந்த."

"ரசம் வைக்கிறவகிட்டப் போய்க் கேட்டா ரசத்தைப் பத்தித்தான் சொல்லுவா. அடுப்பை அணைச்சுட்டுல்ல கேக்கணும்?"

சொர்ணக்கிளி கிரைண்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். தேதி தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் தான் சொன்ன காரணங்களெல்லாம் பொன்னுலிங்கத்துக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றுகூட அவர் பயந்தது எதற்கு என்பதைச் சொல்லவில்லை. தெரியாத ஊரில் வழி தவறுவது அல்ல அந்தப் பயம். இவ்வளவு தூரம் போய் நின்று, பக்கத்தில் திரும்பி, இதோ பார் என்று சொல்ல ஆள் இல்லாமல் நிற்பது.

"இப்பக் கேக்கேன்" என்றார். "உனக்கு எந்த ஊரு வேணும்?"

செண்பகவல்லி முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஊரு பேரெல்லாம் எனக்குத் தெரியாது" என்று தொடங்கினாள். "குளிரணும். ஒரு பெஞ்சு இருக்கணும். போறவாரவுக யாரும் என்னைய இன்னைக்கு என்ன குழம்புன்னு கேக்கக் கூடாது. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கணும். வேற யாராவது வந்து சூடா ஏதாவது ஒண்ணை எங் கையில குடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான்."

அவள் சொல்லி முடிக்கும்போது வாயிலிருந்து புகையாக ஆவி வந்தது. கிரைண்டரின் கல்மேல் பனி படர்ந்தது. மலைச்சரிவில் நிற்கிற ஊசியிலை மரங்களின் வாசம், எங்கோ விறகு எரிகிற வாசம், பச்சையாக எதையோ கொதிக்க வைத்த கசப்பு வாசம், ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அந்த நாட்டின் தெற்குக் கோடியில் இது குளிர்காலம் என்பது பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். அங்கே ஒரே குடுவையில் இலைக் கஷாயத்தை ஊற்றி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கை மாற்றிக் கொடுப்பார்கள் என்றும் படித்திருந்தார். அவர் பைக்குள் கைவிட்டு ஸ்வெட்டரை எடுத்து அவள் தோளில் போட்டார்.

மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சொர்ணக்கிளி சேலையை இழுத்துப் போர்த்தியபடி, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "நல்ல ஊரு மதினி. ரொம்ப நல்ல ஊரு. ஆனா இந்தக் குளிருல மாவு சத்தியமாப் பொங்காது."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாங்கதான் கிளம்பணும்" என்றாள்.

டிராவல்ஸ்காரர் கடைசியாகக் கொடுத்திருந்த தேதிக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதுரை பஸ் ஏறவேண்டியிருந்தது. ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, ராகு காலம். பொன்னுலிங்கம் காலண்டரைப் பார்த்துவிட்டு மெல்ல, "நாள்..." என்று இழுத்தார்.

"நல்ல நேரத்துல கிளம்புனதாச்சே" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "பை கிளம்பிருச்சுல்ல? நாம அதைப் பிடிக்கத்தான் போறோம்."

அடுத்த வீட்டுக்குள் போய் அவர் பையைத் தூக்கினார். வைத்தபோது இருந்ததைவிட அது கனத்தது, அடியில் ஈரம் இருந்தது, பனியில் குளிர்ந்துபோயிருந்தது. எங்கே போகிறீர்கள் என்று புறப்படுகிறவர்களைக் கேட்கக் கூடாது என்பதால், தர்மர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு வழக்கப்படி, "என்ன அண்ணாச்சி, தூரமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆயுசு முழுக்க 'பக்கந்தான்' என்று சொல்லிப் பழகிய பொன்னுலிங்கம், "ஆமா தர்மரு" என்றார். "தூரந்தான்."

பஸ் ஸ்டாண்டில் புது டைம் கீப்பர், அவருக்குத் தெரியாத பையன், நேரத்தைக் குறித்துக்கொண்டு விசில் ஊதினான். அந்தச் சத்தத்தை உள்ளேயிருந்து அவர் கேட்டதில்லை. அவர் கை தானாக எழுந்து போ என்று வீசியது. வீசிய கை ஜன்னல் கம்பியில் இடித்து நின்றது. வெளியே பஸ் ஸ்டாண்டும் புழுதியும் பின்னால் போயின. மடியிலிருந்த பையின் குளிர் வேட்டி வழியாகத் தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் செண்பகவல்லியின் போன் அடித்தது. சொர்ணக்கிளியின் குரல் பஸ் சத்தத்தையும் மீறிப் பக்கத்து சீட்டுக்குக் கேட்டது.

"மதினி, மாவு பொங்கிருச்சு. சட்டியத் தாண்டித் தரையெல்லாம் வழியுது. இத்தனை நாளு மாவும் சேத்து வச்சுப் பொங்குது."

"வீடு எப்பிடியிருக்கு? இப்ப எந்த ஊரு?"

"கோவில்பட்டிதான் மதினி. கோவில்பட்டி வெயிலேதான், தலை கொதிக்கி. நீங்க எந்த ஊரு?"

செண்பகவல்லி ஸ்வெட்டர் போட்ட கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்து பார்த்தாள். கடைகளின் பலகைகளில் எழுதியிருந்த பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்து உறுதி செய்துகொண்டு, கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போனில் சொன்னாள்:

"சாத்தூர்."